பழைய லொறிக்குப் புகை வடிகட்டி: ஒன்பது ஆண்டு ஓட்டிப் பார்த்தது

2004இல் பதிவான எங்கள் 18 தொன் லொறி யூரோ 3 வகை. யூரோ என்பது வண்டிப் புகைக்கு ஐரோப்பா வைத்த வரம்பு, எண் கூடக்கூட வரம்பு இறுகும். புகையில் வரும் கரித்துகள் அளவு யூரோ 4க்கு இறங்காத லொறி லண்டன் குறைந்த உமிழ்வு வலயத்துக்குள் ஓடினால் 2012 ஜனவரி 3 முதல் நாளுக்கு 200 பவுண் கட்ட வேண்டும் என்றார்கள். கிழக்கு லண்டனில் ஈஸ்ட் ஹாம் பக்கம் கடைகளுக்கு மரக்கறி போடுகிறோம், கிழமைக்கு ஆறு நாள் ஓட்டம். புது லொறிக்குக் காசில்லை. சைலன்சரைக் கழற்றி அந்த இடத்தில் வடிகட்டி பூட்டினோம்.

நல்லதை முதலில் சொல்கிறேன். முன்பெல்லாம் காலையில் ஸ்டார்ட் பண்ணினால் பின்சுவர் கறுக்கும். சாமான் இறக்கும் பொடியன் மூக்கில் துணி கட்டிக்கொண்டுதான் நிற்பான். வடிகட்டி பூட்டி ஆறு மாதம் கழித்துப் புகைக்குழாய்க்குள் விரலை விட்டு வழித்துப் பார்த்தேன். கரி ஒட்டவில்லை. பொடியனும் துணியை விட்டுவிட்டான். இதற்காகவே கொடுத்த காசு தகும்.

ஆனால் மூன்றாம் மாதமே டாஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரிந்தது, லொறி இழுக்கவில்லை. வடிகட்டிக்குள் தேன்கூடு மாதிரி பீங்கான் துளைகள். அதில் பிடிபட்ட கரி எரிய வேண்டுமென்றால் புகை 250 பாகை செல்சியசுக்கு மேல் சூடாக வேண்டும், இல்லாவிட்டால் துளை அடைத்துக்கொள்ளும். நாங்களோ லெய்ட்டன் நியூ ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் சந்தைக்கும் கடைகளுக்கும் ஐந்தாறு மைல், அதிலும் பாதி நேரம் சிக்னலில் நிற்கிறோம். எங்கே சூடாவது? பூட்டிய கராஜ்காரர் எங்கள் ஓட்டம் என்னவென்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

வேறொரு கராஜில் ஒரு கிழமை புகைக்குழாயில் வெப்பமானி கட்டி ஓட்டிப் பார்த்தார்கள். அப்புறம் நெடுந்தூரம் ஓடினால் புகை சூடாகும் என்று அந்த லொறியைக் கிழமைக்கு இரண்டு தரம் எம்1 நெடுஞ்சாலையால் லெஸ்டருக்கு விட்டோம். விளக்கு திரும்ப எரியவில்லை.

செலவு பூட்டுவதோடு முடியாது. எஞ்சின் ஒயில் எரிந்த சாம்பல் எந்தச் சூட்டிலும் போகாது. ஆண்டுக்கொரு முறை கழற்றி, சூளையில் சுட்டு, காற்றடித்துப் பூட்ட வேண்டும். சாம்பல் குறைந்த ஒயில்தான் ஊற்ற வேண்டும். வடிகட்டி ஒழுங்காக வேலை செய்கிறது என்ற சான்றிதழுக்கும் ஆண்டுதோறும் சோதனை இருந்தது.

2021 மார்ச்சில் லண்டன் யூரோ 6 கேட்டது. இந்த வடிகட்டி கரியைப் பிடிக்குமே தவிர, புகையில் வரும் நச்சு வாயுக்களான நைட்ரஜன் ஒட்சைட்டுகளை அந்த அளவுக்குக் குறைக்காது. சரி, லொறியை விற்றுவிட்டோம். வேறு ஊரில் பூட்டப் போகிறவர்கள் முதலில் ஒரு கிழமை புகையின் வெப்பத்தை அளக்கச் சொல்லுங்கள். அளக்காமல் விலை சொல்கிற கராஜுக்கு லொறியைக் கொடுக்க வேண்டாம்.