கார்த்திகைப்பூக் கிழங்கு வாங்கப் போகிறவர்களுக்கு

கோப்பாய்ப் பக்கம் நான் போகும் பூங்கன்றுக் கடையில் ரோசாவோ செவ்வரத்தையோ வாங்கச் சொல்லமாட்டேன். விலை கூட, அதெல்லாம் எங்கும் கிடைக்கும். ஆனால் கார்த்திகைப்பூக் கிழங்கென்றால் அங்கே போகலாம். முந்தி வேலிக்கரையில் தன்பாட்டில் முளைத்தது, வேலிகள் மதிலாக மாற மாற அருகிவிட்டது. இப்போது காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும்.

கடைக்கார ஐயா கிழங்குகளைக் காய்ந்த மணலில் புதைத்து வைத்திருக்கிறார். கேட்டால் ஒவ்வொன்றாக எடுத்துக் கையில் தருவார். கலப்பை மாதிரி வளைந்த கிழங்கு, முளை நுனியில்தான் இருக்கும். நுனி ஒடிந்துவிட்டால் எவ்வளவு பருத்த கிழங்கானாலும் வீண். அப்படி ஒடிந்ததை நான் சொல்லாமலே ஒதுக்கிப் போட்டார், அது பிடித்தது. ஒன்று 350 ரூபாய், கொஞ்சம் கூடத்தான்.

செம்மண்ணில் மணலும் உக்கிய மாட்டெருவும் கலந்து, கிழங்கைப் படுக்கவைத்து, இரண்டு மூன்று அங்குலம் மூடினேன். வெள்ளம் நிற்கிற இடம் கூடாது, அழுகிவிடும். ஐப்பசி மழைக்கு முளை வந்தது. பந்தல் தேவைப்படவில்லை, இலை நுனியே சுருண்டு கிளுவைக் கதியாலைப் பிடித்து ஏறியது. பூவின் ஆறு இதழும் முதலில் பச்சை. பிறகு அடி மஞ்சளும் நுனி சிவப்புமாகி, விளிம்பு நெளிந்து மேல்நோக்கி மடியும். வாடப்போகும் நேரத்தில் முழுக்கச் சிவப்பு. நல்ல வடிவு.

கார்த்திகை பிறந்ததும் இதையே பூவோடு சாடியில் வைத்து இரண்டு மடங்கு விலை சொல்கிறார்கள். அதை விடுங்கள். பூ முடிந்து கொடி காய்ந்ததும் பட்டுப்போச்சென்று பலர் எறிந்துவிடுகிறார்கள். கிழங்கு மண்ணுக்குள் உயிரோடுதான் இருக்கும், அடுத்த மாரிக்கு வரும். இதையாவது கடையில் சொல்லி அனுப்பலாமே.

பெரிய குறை வேறு. இந்தச் செடி முழுக்க நஞ்சு, கிழங்கில் கொல்சிசின் என்ற நச்சுப்பொருள் நிறைய. வற்றாளங்கிழங்கென்று நினைத்து அவித்துச் சாப்பிட்டு உயிர் போனவர்கள் இலங்கையில் இருக்கிறார்கள்; அவித்தாலும் நஞ்சு போகாது. அங்கே அதைப் பழைய பேப்பரில் சுற்றி, மரக்கறி மாதிரி சொப்பின் பையில் போட்டுத் தருகிறார்கள். குசினி மேசையில் வைத்தால் யாருக்குத் தெரியும்? பையில் பெரிதாக "நஞ்சு" என்று எழுதித் தரச் சொன்னேன். நின்ற பெடியன் சிரித்தான், ஆனாலும் எழுதித் தந்தான். நீங்களும் கேட்டு வாங்குங்கள்.