கேரள கோர்ட்டில் இலவச வக்கீல் சேவை: தமிழ் மட்டும் தெரிந்தவர்களுக்கு எப்படி?

ஐந்துக்கு நான்கு கொடுக்கிறேன். காசு கொடுத்து வைக்கும் வக்கீலைவிட எந்த விதத்திலும் குறைவில்லை, ஆனால் பாஷை விஷயத்தில் நாம் வாய் திறந்து கேட்டால்தான் நடக்கும்.

என் மச்சான் பொள்ளாச்சிக்காரர். கொழிஞ்சாம்பாறை பக்கம் தென்னந்தோப்பு வேலைக்கு வந்த இடத்தில் ஒரு அடிதடி வழக்கில் ரிமாண்ட் ஆகிவிட்டார், கையில் காசு கிடையாது. இலவச சட்ட உதவிக்கான 15100 நம்பருக்குப் போன் செய்தோம், அப்புறம் இந்த இலவச வக்கீலை ஏற்பாடு செய்து தரும் லீகல் சர்வீசஸ் கமிட்டி ஆபீஸில் ஒரு மனு கொடுத்தோம், அவ்வளவுதான். காவலில் இருப்பவருக்கு வருமானச் சான்றிதழ் தேவையில்லை, இலவச சட்ட உதவிக்கான 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12ஆம் பிரிவிலேயே இருக்கிறது. பெண்கள், குழந்தைகள், எஸ்சி, எஸ்டி மக்களுக்கும் வருமானம் பார்ப்பதில்லை.

வந்தவர் ஒரு இளம் பெண் வக்கீல், தமிழ் நன்றாகப் பேசினார். ஜாமீன் எடுத்தார், குற்றப்பத்திரிகையும் சாட்சிகளின் வாக்குமூல நகல்களும் வாங்கித் தந்தார் (இது இலவசம், யாருக்கும் நயா பைசா கொடுக்க வேண்டாம்), பக்கம் பக்கமாக உட்கார்ந்து அர்த்தம் சொன்னார். டீ செலவுக்குக்கூட கை நீட்டவில்லை.

நான் குறைத்த ஒரு மார்க் விசாரணை நாளுக்கு. முதல் சாட்சி மலையாளத்தில் மளமளவென்று சொல்லிக்கொண்டே போகிறார், அரசு வக்கீல் கேட்கிறார், மேஜையில் டைப் ஆகிறது, மச்சானோ கூண்டில் எதுவும் புரியாமல் நின்றுகொண்டிருக்கிறார். தன் வாழ்க்கையைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்பது மட்டும்தான் அவருக்குத் தெரியும். குற்றம் சாட்டப்பட்டவருக்குப் புரியாத பாஷையில் சாட்சியம் சொன்னால், அவருக்குப் புரியும் பாஷையில் அங்கேயே கோர்ட்டில் பெயர்த்துச் சொல்ல வேண்டும், புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 314ஆம் பிரிவு, பழைய சட்டத்தில் 279. இடைவேளையில் நாங்கள் போய்ச் சொன்ன பிறகுதான் வக்கீல் எழுந்து கேட்டார், நீதிபதியும் உடனே ஒத்துக்கொண்டு தமிழ் தெரிந்த ஊழியர் ஒருவரைக் கூப்பிட்டார். தமிழில் கேட்டதும் மச்சானுக்கு முகமே மாறிவிட்டது. சாட்சி, தான் மோட்டார் ரூம் பக்கம் நின்றதாகச் சொல்லியிருக்கிறார், அங்கிருந்து பார்த்தால் சண்டை நடந்த வரப்பே தெரியாது என்று மச்சான் வக்கீலின் காதில் சொன்னார். குறுக்கு விசாரணையில் முதல் கேள்வியே அதுதான், சாட்சி தடுமாறிப்போனார். பெயர்த்துச் சொல்லாமல் விட்டிருந்தால் அந்தக் கேள்வியே வந்திருக்காது.

சாட்சிகளுக்கும் இந்த ஆபீஸில் ஆலோசனை கிடைக்கிறது. அதே வழக்கில் பக்கத்துத் தோப்பு ஆத்தாவும் சாட்சி. ஸ்டேஷனுக்கு வா என்று அவரைப் போனில் கூப்பிட்டிருந்தார்கள், பயந்து கிடந்தார். பெண்களையும் 60 வயது தாண்டியவர்களையும் அப்படி வரச்சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது, போலீஸ்தான் வீட்டுக்கு வந்து விசாரிக்க வேண்டும் என்று கமிட்டி ஆபீஸில் சொல்லி அனுப்பினார்கள். போலீஸ் விசாரணையில் எழுதும் வாக்குமூலத்தில் சாட்சியிடம் கையெழுத்து வாங்கக் கூடாது என்பதும் அங்கேதான் தெரிந்தது. கோர்ட்டில் சாட்சி சொன்ன பிறகு, எழுதியதைப் படித்துக் காட்டச் சொல்லலாம், வேறு பாஷையில் எழுதியிருந்தால் தமிழில் சொல்லச் சொல்லலாம், தப்பாக இருந்தால் அங்கேயே சொல்லிவிடலாம். போக்குவரத்துச் செலவுக்குப் படி உண்டு, கேட்டால் நீதிமன்றம் உத்தரவு போடலாம். மிரட்டல் இருந்தால் 2018ஆம் ஆண்டு சாட்சிப் பாதுகாப்புத் திட்டத்தில் மனுப் போடலாம், உச்ச நீதிமன்றமே நாடு முழுக்கப் பொருந்தும் என்று சொன்ன திட்டம் அது.

போகிறவர்கள் ஆதார் நகலும் எஃப்.ஐ.ஆர். நம்பரும் எடுத்துப் போங்கள். தமிழ் தெரிந்த வக்கீல் வேண்டும் என்பதை முதல் மனுவிலேயே எழுதிவிடுங்கள்.

மச்சான் வழக்கு இன்னும் முடியவில்லை. அடுத்து நீதிபதி அவரிடமே நேரடியாகக் கேள்வி கேட்பார். அதற்குச் சத்தியப் பிரமாணம் கிடையாது, பதில் சொல்லாமல் இருந்தாலும் தண்டனை கிடையாது. அன்றைக்கும் தமிழில் கேட்க வேண்டும் என்று வக்கீல் மூலம் இப்போதே எழுதிக் கொடுத்துவிட்டோம்.