கூலன்ட் குறைந்தால் எதை ஊற்றுவது? டிஸ்டில்டு வாட்டர், ரெடிமிக்ஸ், கான்சென்ட்ரேட்: ஓர் அலசல்

பானெட்டைத் தூக்கிப் பார்க்கிறீர்கள். பிளாஸ்டிக் டேங்கில் எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் மினிமம் கோட்டுக்கு ஒரு விரல் கீழே நிற்கிறது. உடனே ஆளுக்கொரு யோசனை வரும். "தண்ணி ஊத்துங்க, ஒண்ணும் ஆகாது" என்பார் ஒருவர். "தண்ணியைத் தொடவே தொடாதீங்க, அதே கலர்ல கூலன்ட் வாங்கி ஊத்துங்க" என்பார் இன்னொருவர். கடையில் தண்ணீர் கலந்தே வரும் ரெடிமிக்ஸும், தண்ணீர் கலக்காத கெட்டிச் சரக்கான கான்சென்ட்ரேட்டும் பக்கத்துப் பக்கத்தில், ஒரே நிறத்தில், ஏறக்குறைய ஒரே மாதிரி கேனில் நிற்கும்.

என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வண்டிக்குரிய ரகத்தில் ரெடிமிக்ஸ் கிடைத்தால் அதுதான் முதல் தேர்வு. கிடைக்காவிட்டால், ரகம் தெரியாத கூலன்ட்டைவிட டிஸ்டில்டு வாட்டரே மேல். கான்சென்ட்ரேட் டாப்-அப்புக்கான சரக்கே இல்லை, அதற்கு வேறு வேலை இருக்கிறது. குழாய்த் தண்ணீர், நடுவழியில் வேறு கதியே இல்லாதபோது மட்டும்.

எதை ஊற்றுவது என்பதற்கு முன்னால், அளவை எங்கே பார்ப்பது என்பதிலேயே இரண்டு ஏற்பாடுகள் உண்டு. பல புதிய கார்களில் ரேடியேட்டருக்குத் தனி மூடியே இருக்காது. பிளாஸ்டிக் டேங்க்தான் அழுத்தத்தைத் தாங்குகிறது, அதன் திருகு மூடிதான் அழுத்த மூடி. இந்த ஏற்பாட்டில் டேங்கில் தெரியும் அளவை நம்பலாம். இன்னொரு ஏற்பாட்டில் அழுத்த மூடி ரேடியேட்டரின் தலையில் இருக்கும். பக்கத்தில் ஒரு சாதாரண பாட்டில், இரண்டுக்கும் நடுவே மெல்லிய ஹோஸ். எஞ்சின் சூடானால் கூலன்ட் விரிந்து பாட்டிலுக்கு வரும், ஆறினால் திரும்ப உறிஞ்சப்படும். மூடியின் ரப்பரோ உள்ளே உள்ள சின்ன வால்வோ கெட்டுப்போனால், அல்லது அந்த ஹோஸில் விரிசல் விட்டால், உறிஞ்சுதல் நடக்காது. பாட்டில் நிறைந்தே இருக்கும், ரேடியேட்டர் காலியாகிக்கொண்டே போகும். இந்த வகை வண்டி வைத்திருப்பவர்கள் பாட்டிலை மட்டும் பார்த்துவிட்டுத் திருப்திப்படக் கூடாது. அவ்வப்போது எஞ்சின் முழுக்க ஆறியிருக்கும்போது ரேடியேட்டர் மூடியையும் திறந்து, கூலன்ட் கழுத்துவரை நிற்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இரண்டிலும் சூட்டோடு மூடியைத் திறக்கக் கூடாது. உள்ளே இருப்பது 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் அழுத்தத்தில் அடங்கி இருக்கும் திரவம். மூடி தளர்ந்ததும் அழுத்தம் விழும், அந்தக் கணமே கொதித்து முகத்துக்கு நேராகப் பீறிடும். சூட்டில் அளவும் சரியாகத் தெரியாது, விரிந்த திரவம் மேக்ஸிமம் கோட்டைத் தொட்டு ஏமாற்றும். இரவு முழுக்க நின்ற வண்டியைக் காலையில் ஸ்டார்ட் செய்யும் முன், சமதரையில் பார்ப்பதே சரியான கணக்கு.

குழாய்த் தண்ணீரா, டிஸ்டில்டு வாட்டரா?

இதில் பெரிய விவாதம் இல்லை. குழாய்த் தண்ணீரில் கால்சியம், மக்னீசிய உப்புகள் இருக்கின்றன. சூடான இடத்தில் அவை உப்புப் படிவாகக் கட்டிக்கொள்ளும். எஞ்சினில் மிகச் சூடான இடம் சிலிண்டர் ஹெட்டைச் சுற்றியுள்ள குறுகிய வழிகள், அதாவது படிவு சேரவே கூடாத இடம். தண்ணீரில் குளோரைடு இருந்தால் அலுமினியத்தில் புள்ளி புள்ளியாக அரிப்பு விழும். இப்போதைய ரேடியேட்டர்கள் பெரும்பாலும் மெல்லிய அலுமினியம் என்பதால், ஒரு புள்ளி துளையாக மாறினாலே கதை முடிந்தது.

டிஸ்டில்டு வாட்டரில் இந்த உப்புகள் இல்லை. பேட்டரிக்கு ஊற்றுகிறோமே, அதே தண்ணீர்தான். பேட்டரி ஆசிட் வேறு, லேபிளைப் படித்து வாங்குங்கள். 'ஏசியில் சொட்டும் தண்ணீரும் ஆவி குளிர்ந்து வந்ததுதானே' என்று பிடித்து வைப்பவர்கள் உண்டு. அது தூசியும் பாசியும் படிந்த காயில் மேல் வழிந்து வருகிறது, நான் சேர்த்துக்கொள்ள மாட்டேன். வீட்டு ஆர்.ஓ. தண்ணீர் குழாய்த் தண்ணீரைவிடத் தேவலாம் என்றாலும், அதில் உப்பு குறைந்திருக்குமே தவிர அற்றுப்போவதில்லை. சில கருவிகள் சுவைக்காகத் தாதுக்களைத் திரும்பக் கலக்கவும் செய்கின்றன.

டிஸ்டில்டு வாட்டரா, ரெடிமிக்ஸா?

கொஞ்சம் கணக்கு போட்டால்தான் இது புரியும். கூலன்ட் என்பது பெரும்பாலும் எத்திலீன் கிளைக்கால் என்ற ரசாயனத் திரவமும் தண்ணீரும் பாதிப் பாதி, கூடவே துருத்தடுப்பு மருந்து. இந்தக் கலவை மைனஸ் 35 டிகிரியை ஒட்டித்தான் உறையத் தொடங்கும். பனியே விழாத இடத்தில் இருப்பவர், 'எனக்கு எதற்கு?' என்று கேட்கலாம். கொதிநிலைக்காகத்தான். மூடி 1 பார் அழுத்தத்தைப் பிடித்து வைத்தால் வெறும் தண்ணீர் 120 டிகிரியில் கொதிக்கும், பாதிக்குப் பாதிக் கலவை சுமார் 129 வரை தாங்கும். அதைவிட முக்கியம் துருத்தடுப்பு. அது கிளைக்காலோடு வருகிறது, தண்ணீரில் இல்லை.

6 லிட்டர் கொள்ளும் வண்டி என்று வைத்துக்கொள்வோம். 300 மில்லி கசிந்துபோனது, அதே அளவு டிஸ்டில்டு வாட்டர் ஊற்றினீர்கள். கிளைக்கால் 50 சதவீதத்திலிருந்து 47.5க்கு இறங்குகிறது. ஒரு தடவைக்கு இது ஒன்றுமே இல்லை. "தண்ணி ஒரு சொட்டுகூட ஆகாது" என்று பயமுறுத்துபவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஆனால் இதையே திரும்பத் திரும்பச் செய்தால் 45.1, 42.9, 40.7 என்று இறங்கி, ஐந்தாவது தடவையில் 38.7. துருத்தடுப்பு மருந்தும் அதே விகிதத்தில் நீர்த்துப்போயிருக்கும். வண்டிக்கு ஏதும் ஆனமாதிரி வெளியே தெரியாது, நிறம்கூட லேசாக வெளுத்திருக்கும், அவ்வளவுதான்.

ரெடிமிக்ஸில் இந்தத் தொல்லை இல்லை. எத்தனை தடவை ஊற்றினாலும் விகிதம் மாறாது. தண்ணீரும் ஏற்கெனவே உப்பு நீக்கியது, எதையும் அளக்க வேண்டாம், கலக்க வேண்டாம். டப்பாவில் பாதி தண்ணீர்தானே, அதற்கும் காசா என்று தோன்றும். முழு சிஸ்டத்தையும் மாற்றும்போது அந்த வருத்தம் நியாயம். அரை லிட்டர் டாப்-அப்புக்கு அது அர்த்தமில்லாத கணக்கு.

டிஸ்டில்டு வாட்டர் ரெடிமிக்ஸைவிடச் சரியாகப் பொருந்தும் இடமும் ஒன்று உண்டு. கசிவே இல்லாமல், பல மாதங்களில் மிக மெதுவாக அளவு இறங்கினால், போயிருப்பது பெரும்பாலும் ஆவியான தண்ணீர். கிளைக்கால் அவ்வளவு எளிதாக ஆவியாவதில்லை, அதன் தனிக் கொதிநிலை 197 டிகிரி. அப்படிப்பட்ட இழப்பில் தண்ணீரை மட்டும் திருப்பிக் கொடுத்தால் பழைய விகிதமே வந்துவிடும்.

கான்சென்ட்ரேட் எங்கே ஜெயிக்கிறது?

குறைந்த டேங்கில் கான்சென்ட்ரேட்டை அப்படியே கவிழ்ப்பதைப் பலர் 'வண்டிக்கு நல்லது' என்று நினைத்துச் செய்கிறார்கள். கெட்டியாக இருந்தால் சத்து அதிகம் என்ற எண்ணம்போல. நடப்பது நேரெதிர். சூட்டைச் சுமக்கும் திறனில் தண்ணீர்தான் ராஜா. கிளைக்கால் கூடக் கூடக் கலவை சுமக்கும் சூடு குறைகிறது. உறைநிலையிலும் இதே விந்தைதான்: தனிக் கிளைக்கால் மைனஸ் 13 டிகிரியிலேயே உறைந்துவிடும், பாதி தண்ணீர் கலந்தால்தான் மைனஸ் 35 வரை தாங்குகிறது. 70 சதவீதத்தைத் தாண்டினால் இரண்டு பக்கமும் நஷ்டம்.

ஆனால் பழைய கூலன்ட்டை இறக்கி, தண்ணீர் விட்டு அலசி, புதிதாக நிரப்பும்போது நிலைமை தலைகீழ். இங்கேதான் ரெடிமிக்ஸ் தோற்கிறது, பலர் கவனிக்காமல் விடுவதும் இங்கேதான். அலசிய தண்ணீர் முழுக்க வெளியே வராது. எஞ்சின் பிளாக்கிலும் ஹீட்டரின் சின்ன ரேடியேட்டரிலும் தேங்கி நிற்கும். அதே 6 லிட்டர் வண்டியில் 4 லிட்டர்தான் இறங்கியது, 2 லிட்டர் தண்ணீர் உள்ளேயே இருக்கிறது என்று கொள்ளுங்கள். காலியான இடத்தில் 4 லிட்டர் ரெடிமிக்ஸ் ஊற்றினால் உள்ளே போன கிளைக்கால் 2 லிட்டர். ஆறில் இரண்டு, அதாவது 33 சதவீதம். புத்தம்புது கூலன்ட் போட்டும் கலவை முதல் நாளே நீர்த்துப்போயிற்று. கான்சென்ட்ரேட் வைத்திருந்தால் முதலில் அதை 3 லிட்டர் ஊற்றி, மிச்ச இடத்தை டிஸ்டில்டு வாட்டரால் நிரப்பினால் கணக்கு சரியாக 50.

தண்ணீரே ஊற்றி ஊற்றி 38.7க்கு வந்த வண்டியை மீட்கவும் கான்சென்ட்ரேட்தான். உள்ளிருப்பதில் சுமார் 1.1 லிட்டரை இறக்கிவிட்டு அதே அளவு கான்சென்ட்ரேட் ஊற்றினால் பாதிக்குப் பாதி திரும்பிவிடும். இறக்கியதைச் சாக்கடையிலோ தரையிலோ விடாதீர்கள். எத்திலீன் கிளைக்கால் விஷம், ஆனால் இனிக்கும். நாயும் பூனையும் நக்கிவிடும், குழந்தையும் ஜூஸ் பாட்டிலில் ஊற்றி வைத்ததை எடுத்துக் குடித்துவிடும்.

நிறம் பார்த்து ரகம் சொல்ல முடியுமா?

முடியாது. பச்சை, சிவப்பு, நீலம், ஆரஞ்சு எல்லாமே சாயம்தான். எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான நிறச் சட்டம் கிடையாது. டொயோட்டாவின் பழைய சிவப்பு கூலன்ட்டில் பாஸ்பேட் உண்டு, ஃபோக்ஸ்வாகனின் சிவப்பு ஜி12இல் கிடையாது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான்.

உண்மையான வேறுபாடு துருத்தடுப்பு மருந்தில். பழைய பாணியான ஐ.ஏ.டி. (IAT) ரகத்தில் சிலிக்கேட் போன்ற தாது உப்புகள் உலோகம் முழுவதும் படலமாகப் படியும். வேகமாகக் காக்கும், வேகமாகவே தீரும், வழக்கமாக 2 ஆண்டு. ஓ.ஏ.டி. (OAT) ரகத்தில் கரிம அமிலங்கள், அரிப்பு தொடங்கும் இடத்தில் மட்டும் வேலை செய்வதால் 5 ஆண்டு வரை போகும். இரண்டையும் இணைத்த கலப்பு ரகங்களிலும் ஐரோப்பிய வழி வேறு, ஜப்பானிய வழி வேறு. கடினத் தண்ணீரில் படியும் என்று ஐரோப்பியர்கள் பாஸ்பேட்டைத் தவிர்த்தார்கள். வாட்டர் பம்ப் சீலைத் தேய்க்கும் என்று ஜப்பானியர்கள் சிலிக்கேட்டைத் தவிர்த்தார்கள்.

ஒத்துப்போகாத இரண்டு ரகம் சேர்ந்தால் குறைந்தபட்சத் தண்டனை, 5 ஆண்டு சரக்கு 2 ஆண்டு சரக்காகிவிடும். மோசமான ஜோடிகளில் பழுப்புச் சேறு திரண்டு ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களை அடைக்கும், ஃபோக்ஸ்வாகனின் நீலப்பச்சை ஜி11ஐயும் ஜி12ஐயும் கலக்காதே என்பது இதனால்தான். டிஸ்டில்டு வாட்டரை ரகம் தெரியாத கூலன்ட்டுக்கு மேலே வைத்ததற்கும் இதுவே காரணம். நீர்த்ததைப் பிறகு சரிசெய்யலாம். சேறு கட்டினால் முழு சிஸ்டத்தையும் அலச வேண்டும். 'எல்லா நிறத்துக்கும் பொருந்தும்' என்று எழுதிய கேன்கள் அவசரத்துக்கு உதவும், ஆனால் வண்டியின் கையேட்டில் உள்ள தர எண் அந்த லேபிளில் இருக்கிறதா என்று பார்த்துத்தான் நான் வாங்குவேன்.

விகிதத்தை எதால் அளப்பது?

மிதக்கும் உருண்டைகளோ முள்ளோ கொண்ட ஹைட்ரோமீட்டர் மலிவு. அது அடர்த்தியை அளப்பதால் கூலன்ட் சூடாக இருந்தால் தவறாகக் காட்டும். ஒளி வளைவதைக் கொண்டு அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டருக்கு இரண்டு சொட்டு போதும். டிஸ்டில்டு வாட்டர் வைத்து முதலில் பூஜ்ஜியம் செய்துவிட்டு, கண்ணாடியில் சொட்டு வைத்து வெளிச்சத்தைப் பார்த்தால் நீலமும் வெள்ளையும் பிரியும் கோட்டில் உறைநிலை தெரியும். எத்திலீன் கிளைக்காலுக்கும், சில கூலன்ட்களில் அதற்குப் பதிலாக வரும் புரோப்பிலீன் கிளைக்காலுக்கும் தனித்தனி அளவுகோல் இருக்கும், மாற்றிப் படிக்கக் கூடாது. கையில் ஒன்று வைத்துக்கொள்ளலாம் என்றால் இதைத்தான் சொல்வேன். ஆனால் இரண்டுமே கிளைக்காலைத்தான் அளக்கின்றன. துருத்தடுப்பு மருந்து தீர்ந்ததா என்பதற்கு அந்த ரகத்துக்கான சோதனைத் தாள் வேண்டும், அல்லது கையேடு சொல்லும் கெடுவில் மாற்றிவிட வேண்டும்.

மாதாமாதம் அளவு இறங்கினால் இந்த ஒப்பீடு எதுவும் உதவாது, கசிவைத் தேட வேண்டும். ஹோஸ் கிளாம்ப் அருகே காய்ந்த வெள்ளைக் கறை, வாட்டர் பம்ப் அடியில் ஈரம் என்றால் சின்ன வேலை. காருக்குள் இனிப்பு வாடையும் முன்கண்ணாடியில் பிசுக்கும் இருந்தால் ஹீட்டர் ரேடியேட்டர். வெளியே எங்கும் ஈரமே இல்லை, சைலன்சரில் வெள்ளைப் புகை மட்டும் எஞ்சின் சூடான பிறகும் நிற்கவில்லை என்றால் சிலிண்டர் ஹெட்டுக்கும் எஞ்சின் பிளாக்குக்கும் நடுவே அடைப்பாக இருக்கும் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகப்பட்டு, ஓட்டாமல் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.