பதில் 200 வந்தது, பில் மட்டும் வரவில்லை

நாச்சியார்கோவில் குத்துவிளக்குப் பட்டறைகள் சிலவற்றுக்கு பில் போடும் மென்பொருள் எழுதிக் கொடுப்பவன் நான். இருப்பது கும்பகோணத்தில். 50,000 ரூபாய்க்கு மேல் விளக்கு பெங்களூருக்குப் போனால் இ-வே பில், அதாவது சரக்கோடு போக வேண்டிய ஜிஎஸ்டி சீட்டு, வேண்டும். அதன் பிடிஎஃப் நேராக என் மென்பொருளுக்குள் வந்து விழட்டும் என்று, நடுவில் ஒரு வெப் சர்வீஸ் கம்பெனியை, அதாவது என் நிரல் இணையம் வழியே கேட்டால் கோப்பை அனுப்பிவைக்கும் கம்பெனியை, பிடித்தேன். பெயர் வேண்டாம். ஒரு வருடப் பணத்தை முன்கூட்டியே கேட்டபோதே உஷாராகியிருக்கலாம்.

டெமோவில் குறையே இல்லை. ஜேசான் என்ற எழுத்து வடிவப் பதிலுக்குள், பைட்டை வெறும் எழுத்தாக்கும் பேஸ்64 முறையில் கோப்பு வந்தது, திருப்பி மாற்றினேன், திறந்தது. பணம் கட்டிய மறுவாரமே சொல்லாமல் கொள்ளாமல் மல்டிபார்ட்டுக்கு, அதாவது பவுண்டரி என்ற பிரிப்புக் கோடு போட்டு ஒரே பதிலில் கோப்பைப் பைட்டாகவே அனுப்பும் முறைக்கு, மாற்றிவிட்டார்கள். மல்டிபார்ட்டில் தப்பில்லை. பேஸ்64 மூன்று பைட்டை நான்கு எழுத்தாக்கும், அளவு மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். அந்தச் சுமையைக் குறைக்கத்தான் சோப் என்ற பழைய வெப் சர்வீஸ் முறையில் 2005லேயே எம்டாம் என்ற தரம் வந்தது. கோளாறு, இவர்கள் கொடுத்த மாதிரி நிரலில். முழுப் பதிலையும் டெக்ஸ்டாக வாசித்து, பவுண்டரி கோட்டில் வெட்டி, கோப்பாகச் சேமிக்கச் சொன்னது அது. நானும் நம்பி அப்படியே ஒட்டினேன்.

பட்டறைக்கார அண்ணன் கூப்பிட்டார். "என்ன தம்பி, வெறும் பேப்பரை அனுப்பியிருக்க?"

கோப்பு திறக்கிறது, பக்க எண்ணிக்கை சரி, பக்கம் மட்டும் வெள்ளை. கம்பெனி சப்போர்ட்டில் கேட்டால் பிடிஎஃப் ரீடரை அப்டேட் செய்யச் சொன்னார்கள். இரண்டு நாள் அதிலேயே போனது. அப்புறம்தான் அளவைப் பார்த்தேன். சர்வர் அனுப்பிய மொத்தப் பதில் 48 கேபி. அதிலிருந்து வெட்டி எடுத்த கோப்பு 83 கேபி! தாயைவிடப் பிள்ளை பெரிது. டெக்ஸ்டாக, அதாவது யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டு முறையில், வாசிக்கும்போது பொருந்தாத பைட்டை எல்லாம் எடுத்துவிட்டு, மூன்று பைட் நீளமுள்ள மாற்றுக் குறியை வைத்துவிடுகிறது. பிடிஎஃப்பின் எலும்புக்கூடு சாதாரண எழுத்து, அது தப்பிக்கிறது. உள்ளே சுருக்கி வைத்த பக்கம் நாசமாகிறது. பதிலை பைட்டாகவே வாங்கி, பவுண்டரியை பதிலின் ஹெட்டர் என்ற தலைப்புத் தகவலிலிருந்து எடுத்து, அதற்கென்றே உள்ள நிரல் நூலகத்தை வைத்துப் பிரித்ததும் சரியாயிற்று.

இதுகூடப் பரவாயில்லை, கற்றுக்கொண்டேன். ஒரு சாயங்காலம் லாரி ஆபீஸ் வாசலில் பதினொரு பெட்டி நிற்கிறது, பிடிஎஃப் திறக்க மறுக்கிறது. வெறும் 2 கேபி. நோட்பேடில் திறந்தால் உள்ளே ஒரு ஹெச்டிஎம்எல் பக்கம், 'செஷன் முடிந்துவிட்டது' என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. இதற்கு 401, அதாவது 'உள்ளே விட முடியாது' என்ற குறியீட்டு எண், வர வேண்டும். வந்ததோ 'எல்லாம் சரி' என்ற 200, கோப்பு வகையும் பிடிஎஃப் என்றே போட்டிருந்தது. என் நிரல் சமர்த்தாக மறுபடி மறுபடி கேட்டுக்கொண்டே இருந்தது. கடைசியில் அண்ணனே அரசு தளத்தில் கையால் பதிந்து பிரின்ட் எடுத்துக் கொடுத்தார்.

மாதக் கடைசியில் கணக்கு வந்தது. அந்த வெற்றுப் பதில்கள், வெள்ளைப் பக்கங்கள் எல்லாமே 'வெற்றிகரமான அழைப்பு' (என் நிரல் ஒருமுறை கேட்டால் ஓர் அழைப்பு). ஒவ்வொன்றுக்கும் காசு. "எங்கள் சர்வர் 200 கொடுத்திருக்கிறதே சார்" என்கிறார்கள், வெட்கமே இல்லாமல்.

இந்த மாதிரி சர்வீஸ் வாங்கப் போகிறவர்கள், தோற்ற அழைப்புக்குக் காசு உண்டா என்று பணம் கட்டும் முன் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். டெமோவில் பல பக்கக் கோப்பைக் கேளுங்கள். நிரலில் 200ஐ மட்டும் பார்த்து நிற்காமல் கோப்பின் தலையைப் பாருங்கள்: சதவீதக் குறியும் ஒட்டினாற்போல் பிடிஎஃப் என்ற மூன்று ஆங்கில எழுத்தும் இல்லையென்றால் சேமிக்கவே விடாதீர்கள்.

மீதி எட்டு மாதப் பணத்தைக் கேட்டிருக்கிறேன். 'டிக்கெட் முடிக்கப்பட்டது' என்று இரண்டு முறை வந்துவிட்டது. நேற்று மூன்றாவதாக ஒன்று போட்டிருக்கிறேன்.