மூன்று லட்சத்து நாற்பதாயிரம் போய்விட்டது. சோலார் போட நினைப்பவர்கள் பணம் அனுப்பும் முன் இதைப் படியுங்கள்

நேற்று மாலை, எங்களுக்குச் சோலார் மாட்டிக்கொடுத்த அந்த ஆளின் எண்ணுக்கு அடித்தபோது, எண் உபயோகத்தில் இல்லை என்று வந்தது. அதற்கு முன் பதினோரு நாள் மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. இப்போது மணியும் இல்லை. ராத்திரி தூக்கமே வரவில்லை, விடிந்ததும் எழுத உட்கார்ந்துவிட்டேன். மூன்று லட்சத்து நாற்பதாயிரம். அப்பா விட்டுப்போனதில் மிச்சமிருந்ததும், நான்கு வருடம் நான் சேர்த்ததும். சோலார் வாங்க யோசித்துக்கொண்டிருக்கும் யாராவது ஒருவர் இதைப் படித்துவிட்டுப் பணம் அனுப்பாமல் கையை நிறுத்தினால் போதும்.

நானும் அம்மாவும் இருக்கும் வீட்டுக்கு மின்கம்பி வரவில்லை. கம்பம் நட்டு இழுத்துவர ஆகும் செலவைக் கேட்டோம். அந்தப் பணத்துக்குச் சூரிய ஒளியிலேயே வீட்டை ஓட்டிவிடலாம் என்று முடிவெடுத்தோம். அந்த முடிவு தவறு என்று இன்றும் நான் நினைக்கவில்லை. விளக்கு, ஃபேன், ஒரு சின்ன ஃபிரிட்ஜ், போர்வெல் மோட்டார், குளிக்க வெந்நீர், இவ்வளவுதான் எங்கள் தேவை. ஒழுங்காகக் கணக்குப் போட்டுச் செய்தால் தாராளமாக நடக்கும்.

ஆளைப் பிடித்தது, விற்பவரையும் வாங்குபவரையும் சேர்த்துவைக்கும் ஒரு பெரிய இணையத் தளத்தில். பெயர் போடவில்லை, போட்டால் இந்தப் பதிவையே தூக்க வைத்துவிடுவார்கள். அவன் பக்கத்தில் நிறைய நட்சத்திரங்கள், "சரிபார்க்கப்பட்ட விற்பனையாளர்" என்று ஒரு பச்சைக் குறி. அந்தக் குறியை நம்பித்தான் முதலில் பேசினேன்.

ஆனால் பணத்தைக் கொடுக்க வைத்தது குறி இல்லை, அவன் வீட்டுக்கு வந்து நடந்துகொண்ட விதம். சொன்ன நேரத்துக்கு வந்தான். ஏணி வைத்து மாடிக்கு ஏறினான். திசைகாட்டி வைத்துப் பார்த்து, தண்ணீர்த் தொட்டியின் நிழல் எந்த நேரத்தில் எங்கே விழும் என்று அம்மாவிடம் கேட்டான். பேனலில் இருக்கும் சின்னக் கட்டங்களில், ஒரு செல்லில் நிழல் விழுந்தால்கூட அந்த வரிசை முழுக்க உற்பத்தி இறங்கும் என்று விளக்கினான். அது உண்மைதான். அவ்வளவு தெரிந்தவன் என்பதுதான் என்னால் பொறுக்க முடியாத விஷயம். தெரியாமல் செய்த தப்பு இல்லை இது.

கீழே இறங்கியதும் அம்மா தண்ணீர் கொடுத்தார். குடித்துவிட்டு, "இது போர்வெல் தண்ணியாம்மா? உப்பே தெரியலையே. ஹீட்டர் பத்து வருஷம் ஓடும்" என்றான். அம்மா முகம் மலர்ந்தது. அந்தப் போர்வெல்லை நின்று போட வைத்தது அப்பா.

நான் ஒரே ஒரு கேள்வியைத்தான் மூன்று தடவை கேட்டேன்: "மோட்டாரை இந்த இன்வெர்ட்டர் தாங்குமா?" அவன் அட்டைப்பெட்டி ஒன்றின் ஓரத்தைக் கிழித்து, பென்சிலால் எழுதிக் காட்டினான். "அக்கா, ஒரு எச்பி என்றால் 746 வாட். இது மூவாயிரம். உங்க மோட்டார் மாதிரி நாலு ஓட்டலாம். மோட்டாரை என் பொறுப்புல விடுங்க." பெருக்கிப் பார்த்தேன், சரியாக வந்தது. அந்த அட்டைத் துண்டு இன்னும் என்னிடம் இருக்கிறது.

தளம் வழியாகக் கட்டினால் கமிஷன் போய்விடும், நேராக என் கணக்குக்கு அனுப்பினால் அந்தத் தொகையில் ஹீட்டருக்கு ஸ்டாண்டு போட்டுத் தருகிறேன் என்றான். அடுத்த வாரம் பேனல் விலை ஏறுகிறது, இன்றைக்கே முழுசாகப் போட்டுவிடுங்கள் என்றான். அனுப்பினேன். மூன்று லட்சத்து நாற்பதாயிரம், ஒரே தடவையில்.

பொருள் வந்தது, மாட்டவும் செய்தான். 540 வாட் என்று ஸ்டிக்கர் ஒட்டிய ஆறு பேனல், 3 கேவிஏ இன்வெர்ட்டர் (அவன் சொன்ன மூவாயிரம் இதுதான்), 12 வோல்ட் 150 ஏஎச் (எவ்வளவு சேர்த்து வைக்கும் என்ற அளவு) டியூபுலர் பேட்டரி நான்கு, 200 லிட்டர் சோலார் வாட்டர் ஹீட்டர். முதல் நாள் ராத்திரி வீடு முழுக்க விளக்கெரிந்தது. அம்மா ஒவ்வொரு அறையாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

மறுநாள் காலை மோட்டார் சுவிட்சைப் போட்டதும் இன்வெர்ட்டர் கத்தியது, ஓவர்லோடு காட்டியது, வீடு இருண்டது. மதியம் போட்டால் சில நேரம் ஓடும், பல நேரம் ஓடாது. ராத்திரி ஒன்பது மணிக்கெல்லாம் பேட்டரி காலி. இரண்டே மாதத்தில் வெந்நீர்க் குழாயில் தண்ணீர் நூலாக வர ஆரம்பித்தது, கூடவே வெள்ளை வெள்ளையாகச் செதில்.

இனி அவன் பதில்கள். முதல் போனில், "புது பேட்டரி, பத்து நாள் போகட்டும் அக்கா." பத்து நாள் போனது. "மேகமூட்டம், அதான்." அன்றைக்கு வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை, போட்டோ எடுத்து அனுப்பினேன். "மோட்டார் பழசு, அதை மாத்துங்க." மோட்டார் போட்டு ஒன்றரை வருடம்தான் ஆகிறது. "நீங்க கரண்ட் அதிகமா செலவு பண்றீங்க மேடம்." கவனியுங்கள், பணம் போகும்வரை அக்கா, அப்புறம் மேடம். ஆளை அனுப்புகிறேன் என்று நான்கு தடவை நாள் சொன்னான். நான்கு நாளும் நான் வேலைக்கு லீவு போட்டு உட்கார்ந்திருந்தேன், ஒருவரும் வரவில்லை. கடைசியாக அம்மா பேசினார், "தம்பி, வயசான காலத்துல பக்கெட்டுல தண்ணி இழுக்க வச்சிட்டியேப்பா" என்று. பேசிக்கொண்டிருக்கும்போதே வைத்துவிட்டான். இதை எழுதும்போது எனக்கு வயிறு எரிகிறது.

தளத்தில் புகார் போட்டேன். மூன்று நாள் கழித்து வந்த பதில்: பணம் எங்கள் வழியாக வராததால் இது உங்கள் இருவருக்கும் இடையிலான விஷயம். புகாரை மூடிவிட்டார்கள். நான் எழுதிய விமர்சனத்தையும் எடுத்துவிட்டார்கள். அந்தப் பச்சைக் குறி மட்டும் இன்றும் அப்படியே இருக்கிறது.

வாரண்டி கார்டை எடுத்துப் பார்த்தால் சீரியல் நம்பர் எழுதும் இடம் காலி. பில் என்று அவன் கொடுத்தது பில்லே இல்லை, "பணம் பெறப்பட்டது" என்று முத்திரை குத்திய கொட்டேஷன். வாங்கிய அன்றே நான் இதைப் பார்த்திருக்க வேண்டும்.

போன வாரம் தெரிந்தவர் மூலம் ஒரு வயதான எலக்ட்ரீஷியன் வந்தார். அவர் முதலில் எடுத்தது மீட்டரை அல்ல, அளவு டேப்பை. பேனல் நீளம் 1.96 மீட்டர், அகலம் 0.99 மீட்டர். இரண்டு சதுர மீட்டர்கூட இல்லை. உச்சி வெயில் என்று ஒரு சதுர மீட்டருக்குக் கணக்கில் எடுப்பது 1000 வாட். அதில் 540 வாட் எடுக்க வேண்டுமென்றால் பேனலின் திறன் கிட்டத்தட்ட 28 சதவீதம் இருக்க வேண்டும், கடையில் கிடைக்கும் நல்ல பேனலே 24 பக்கம்தான் என்றார். பின்பக்க ஸ்டிக்கரின் ஓரத்தை நகத்தால் தூக்கினார். உள்ளே இன்னொரு ஸ்டிக்கர். 330 வாட். ஆறும் அப்படித்தான். 3240 வாட் என்று காசு வாங்கிக்கொண்டு 1980 வாட் மாட்டியிருக்கிறான். அதுவும் பழைய பேனல்.

மோட்டார் விஷயமும் அன்றுதான் புரிந்தது. 746 வாட் என்பது மோட்டார் வெளியே தரும் சக்தி. உள்ளே இழுப்பது ஆயிரத்துக்கு மேல். கிளம்பும் அந்த ஒரு நொடியில் ஐந்தாறு மடங்கு இழுக்கும். மூவாயிரம் எங்கே தாங்கும்? மனசு ஆறாத இடம் இதுதான். தண்ணீர் ஏற்றுவது பெரிய செலவே இல்லை. ஆயிரம் லிட்டரை 60 மீட்டர் மேலே தூக்க அரை யூனிட்கூட ஆகாதாம். பேனலிலிருந்து நேராக ஓடி, மெதுவாகக் கிளம்பி, வெயில் ஏற ஏற வேகம் எடுக்கும் சோலார் மோட்டார் இருக்கிறது. பகலில் தொட்டியை நிரப்பிக்கொண்டால் தொட்டிதான் பேட்டரி, தனியாகப் பேட்டரியே வேண்டாம். அதை அவன் வாயால் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

வாட்டர் ஹீட்டருக்குள், வெயில் போதாதபோது கரண்டில் சூடாக்க இருக்கும் 2 கிலோவாட் காயிலை இன்வெர்ட்டர் லைனிலேயே இணைத்து வைத்திருந்தான். 200 லிட்டரை 30 டிகிரி சூடாக்க 7 யூனிட் ஆகும். நான்கு பேட்டரியும் சேர்ந்து கணக்குப்படி 7.2 யூனிட், கெடாமல் எடுக்கக்கூடியது அதில் பாதி. வெயில் இறங்கியதும் காயில் தானாக ஓடிப் பேட்டரியை உறிஞ்சியிருக்கிறது, நாங்கள் இருட்டில் உட்கார்ந்திருந்தோம். முழுசாகச் சார்ஜ் ஏற்றி நிறுத்தி வைத்தால் 12.6 வோல்ட் காட்ட வேண்டிய பேட்டரிகளில் இரண்டு 12.1ல் நிற்கின்றன. காயிலைக் கழற்றினால் விரல் தடிமனுக்குச் சுண்ணாம்பு. தண்ணீரைச் சோதனைக்குக் கொடுத்தோம், கடினத்தன்மை லிட்டருக்கு 640 மில்லிகிராம். 180ஐத் தாண்டினாலே மிகக் கடின நீர். உப்புக் கரிக்காத தண்ணீரிலும் சுண்ணாம்பு இருக்கும், நாக்கால் சொல்ல முடியாது. வாயில் ஊற்றிப் பார்த்துச் சான்று கொடுத்தவனை நம்பினோம்.

மாடியில் பேனல் லைனுக்குப் போட்டிருந்த எம்சிபி (கோளாறு வந்தால் தானாக மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்), வீட்டுக்குப் போடும் ஏசி எம்சிபி. பேனலிலிருந்து வருவதோ டிசி, ஒரே திசையில் ஓடும் மின்சாரம். ஓரம் கருகியிருந்தது. ஏசி மின்சாரம் நொடிக்குப் பல தடவை பூஜ்ஜியத்தைத் தொட்டுப் போவதால், சுவிட்ச் பிரியும்போது வரும் பொறி தானே அணையும், டிசியில் அணையாது, எரிந்துகொண்டே இருக்கும் என்று அவர் சொன்னபோது எனக்குப் பேச்சு வரவில்லை. அதற்குப் பக்கத்துக் கொடியில்தான் அம்மா தினமும் துணி காயப்போடுகிறார்.

எப்படி வாங்க வேண்டும் என்று விவரமாக எழுத வேண்டும் என்றுதான் ஆரம்பித்தேன். இப்போது அதற்குத் தெம்பில்லை. இதையாவது செய்யுங்கள். தளத்துக்கு வெளியே பணம் அனுப்பாதீர்கள். முழுத் தொகையை முன்னால் கொடுக்காதீர்கள், உங்கள் மோட்டார் பத்து நாள் தொடர்ந்து ஓடிய பிறகு கடைசிப் பங்கைக் கொடுங்கள். பேனலை இறக்கும்போதே டேப் வைத்து அளந்து பாருங்கள், சீரியல் நம்பரை போட்டோ எடுங்கள். தண்ணீரைச் சோதித்த பிறகு ஹீட்டர் வாங்குங்கள். ஹீட்டர் காயில் இன்வெர்ட்டர் லைனில் இருந்தால் இன்றைக்கே பிரித்துவிடச் சொல்லுங்கள். டிசி பக்கம் டிசி எம்சிபிதானா என்று வேறொரு ஆளை வைத்துப் பாருங்கள், தயவுசெய்து.

மூன்று லட்சத்து நாற்பதாயிரத்துக்குப் புகார் எழுதிக் கொடுக்க மதியம் போகிறேன், அட்டைத் துண்டையும் எடுத்துக்கொண்டு. இப்போது வெயில் ஏறிவிட்டது, ஒரு தடவை மோட்டாரைப் போட்டுப் பார்க்க வேண்டும். அம்மா பக்கெட்டுகளை வரிசையாக வைத்துக்கொண்டு கீழே நிற்கிறார்.