கப்பலா, உலக முடிவா, மடத்துச் சரக்கா?

கனடாவின் கியூபெக் நகரக் கொடியில் பொன்னிறத்தில் ஒரு பாய்மரக் கப்பல் இருக்கும். பிரெஞ்சுக் கடலோடி சாமுவேல் த ஷாம்ப்ளேன் 1608இல் ஏறி வந்து அந்த ஊரை நிறுவிய 'தோன் து தியூ' அதுதான். 'கடவுள் தந்தது' என்று பொருள். நம் கல்வெட்டுகளில் வரும் தேவதானம் சாமிக்கு நாம் கொடுப்பது. இது சாமி நமக்குக் கொடுப்பது. அதே கியூபெக் மாகாணத்து ஷாம்ப்ளி ஊரின் யூனிப்ரூ பியர் ஆலை தன் பெல்ஜியப் பாணிக் கோதுமை டிரிப்பெலுக்கு இந்தப் பெயரைத்தான் வைத்தது. டிரிப்பெல் என்றால் போதை கூடிய, வெளிர்நிற பியர் வகை.

பெயரில் மயங்கிவிடக் கூடாதென்று பக்கத்தில் இரண்டு புட்டி வைத்துக்கொண்டேன். ஒன்று அதே ஆலை 1994இல் கொண்டுவந்த 'லா ஃபேன் து மோந்த்'. அதாவது உலகத்தின் முடிவு. அங்கே வந்துவிட்டோம் என்று நினைத்த பழைய கடலோடிகளின் நினைவாக வைத்த பெயராம். மற்றது பெல்ஜியத்து டிராப்பிஸ்ட் என்னும் கத்தோலிக்கத் துறவிகளின் வெஸ்ட்மாலே டிரிப்பெல். 1934இல் தொடங்கி, 1956இல் செய்முறை திருத்தப்பட்டது. ஆல்கஹால் அளவு முதல் இரண்டிலும் 9 சதவீதம், வெஸ்ட்மாலேயில் 9.5.

குளிர்பெட்டியிலிருந்து எடுத்துக் கால் மணி நேரம் வெளியே வைத்தேன். ஜில்லென்று குடித்தால் மூன்றும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

கப்பல் பியர் கலங்கல். வடித்த கஞ்சியில் துளி மஞ்சள் கரைத்த மாதிரி. கோதுமைப் புரதம் செய்யும் வேலை அது. வாயிலும் அதே வழவழப்பு. கனிந்த வாழைப்பழம், கொஞ்சம் தேன், பின்னால் கிராம்பு. 9 சதவீதம் எங்கே ஒளிந்திருக்கிறது என்றே தெரியாது. ஆபத்தும் அதுதான். அடியில் தங்கிய ஈஸ்ட் மண்டியைக் குலுக்கிக் கடைசி மடக்கில் ஊற்றிப் பார்த்தேன்: ரொட்டி மாவு வாசம் ஏறியது, இனிப்பு சற்றே மழுங்கியது. எனக்கு அது பிடித்தது. என்ன குறை என்றால், பாதிக் கோப்பைக்கு மேல் புதிதாகச் சொல்ல அதனிடம் எதுவும் இல்லை.

உலக முடிவு அதைவிடத் துள்ளல். ஆரஞ்சுத் தோலும் தனியாவும் மூக்கில் முதலில் வந்து நிற்கும். அண்ணன் தம்பி ஜாடை உண்டு, ஆனால் இவன் வாயாடி.

வெஸ்ட்மாலே வேறு சாதி. காரமான பாலாடைக்கட்டிக்குப் பிறகும் சுவை மங்காமல் நின்றது இது ஒன்றுதான். சேர்க்கும் சர்க்கரையை ஈஸ்ட் முழுக்கத் தின்றுவிடுவதால் பியரின் அடர்த்தி லேசாகி, தொண்டையில் ஹாப்ஸ் பூவின் கசப்பு உலர்ந்து நிற்கிறது. அந்தக் கசப்புதான் அடுத்த மடக்குக்குக் கை நீள வைக்கிறது.

பியர் கசக்கும் என்று ஒதுங்குகிற நண்பருக்கு முதல் கோப்பையாகக் கப்பலைத்தான் நீட்டுவேன். எனக்கு? மூன்றில் முதலில் காலியானது வெஸ்ட்மாலே. இன்னொன்று திறக்க எழுந்தவன், லேபிளில் இருந்த எண்ணை மறுபடி பார்த்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.