ஒரு பெயர்ப்பலகை, மூன்று வாள், ஒரு லேசர்

மரத்தில் பூவேலை வெட்டிப் பழக ஆசைப்படுகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "எந்த மெஷின் வாங்கலாம்?" என்றுதான். நான் திருப்பிக் கேட்பேன்: "நீங்க வெட்டப்போற படத்துல எத்தனை ஓட்டை இருக்கு?" கேட்டவர் கொஞ்சம் முழிப்பார். ஆனால் விடை அந்த எண்ணிக்கையில்தான் இருக்கிறது.

வெளிக்கோட்டை எதை வைத்தும் வெட்டிவிடலாம். உள்ளே இருக்கும் ஓட்டைகள்தான் ஆளைச் சோதிப்பவை. ஒவ்வொரு ஓட்டைக்கும் முதலில் ட்ரில்லில் துளை போட வேண்டும். பிளேடின் ஒரு முனையைக் கழற்றி, துளைக்குள் நுழைத்து, மறுபடி மாட்டி, இழுத்து முறுக்கேற்ற வேண்டும். வெட்டி முடித்ததும் அத்தனையையும் தலைகீழாகச் செய்ய வேண்டும். தமிழ் எழுத்தில் இந்தத் தொல்லை கொஞ்சம் கூடுதல். ஆங்கிலத்தில் தனியாகப் பிரிந்து நிற்பது இரண்டு எழுத்தின் தலைப்புள்ளி மட்டும். நமக்கு மெய்யெழுத்து வருகிற இடத்திலெல்லாம் புள்ளி கழன்று தரையில் விழுந்து உருண்டு ஓடும்.

அக்கா வீட்டுக்கு "வள்ளி இல்லம்" என்று ஒரு பெயர்ப்பலகை வெட்டினேன். 6 மில்லிமீட்டர் பிளைவுட். எழுத்தைச் சுற்றி ஒரு கொடி. கொடியில் 24 ஓட்டை, எழுத்துகளுக்குள் 7, ஆக 31. தனியாக மூன்று புள்ளி. இதே படத்தை நாலு விதமாக வெட்டிப் பார்த்தேன்: கையால் இழுக்கும் ஃப்ரெட் சா, கையில் பிடித்து ஓட்டும் மின்சார ஜிக்சா, மேஜையில் நிற்கும் ஸ்க்ரோல் சா, கடைசியாக லேசர். ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் பொறுமை எனக்கு எப்படி வந்தது என்று வீட்டில் இன்னும் ஆச்சரியப்படுகிறார்கள்.

ஜிக்சாவை முதலில் சொல்லிவிடுகிறேன், சீக்கிரம் முடிந்துவிடும். ஸ்க்ரோல் சாவுக்குப் பதிலாக விலை குறைவாக ஒரு ஜிக்சா வாங்கினால் போதாதா என்று பலர் நினைக்கிறார்கள். போதாது. ஜிக்சாவின் பிளேடு மேலே மட்டும்தான் பிடிக்கப்பட்டிருக்கிறது, கீழ் முனை அந்தரத்தில் ஆடுகிறது. வளைவில் திருப்பினால் கீழ் முனை தன் போக்கில் சாயும். மேலே வட்டமாகத் தெரிவது கீழே முட்டையாக இருக்கும். பிளேடும் அகலம், சின்ன வளைவில் திரும்பாது. பெரும்பாலான ஜிக்சா பிளேடுகளின் பல் மேல்நோக்கி இருப்பதால் மேல்பக்கத்தில்தான் சிராய் கிளம்பும். அதனால் படத்தைப் பின்பக்கத்தில் ஒட்டி வெட்ட வேண்டும். எழுத்துகளையும் கண்ணாடியில் தெரிவதுபோல இடவலம் மாற்றி ஒட்ட வேண்டும். நான் முதல் தடவை அதை மறந்துபோனேன். கொடியின் நாலாவது ஓட்டையில் அந்த முயற்சியைக் கைவிட்டேன்.

அதற்கென்று ஜிக்சாவைக் குறை சொல்லவும் முடியாது. அது செய்ய வந்த வேலை வேறு. அதன் பிறப்பே சுவையான கதை: 1946 வாக்கில் சுவிட்சர்லாந்தில் ஆல்பர்ட் காஃப்மன் என்ற பொறியாளர், தையல் மெஷினில் ஊசி இருக்கும் இடத்தில் வாள் பிளேடை மாட்டிப் பார்த்ததில் இந்தக் கருவி உருவானது என்பார்கள். கதவு அளவுப் பலகையின் நடுவில் ஒரு ஜன்னல் வெட்ட வேண்டுமா, சமையலறை மேடையில் தொட்டிக்கு இடம் விட வேண்டுமா, ஜிக்சாதான் சரி. ஸ்க்ரோல் சாவில் 16 அங்குல மெஷின் என்றால் பிளேடிலிருந்து பின்தூண் வரை 16 அங்குல இடம்தான் உண்டு. அதைவிடப் பெரிய பலகை சுழலும்போது தூணில் இடிக்கும். ஜிக்சாவுக்கு அந்தத் தடை இல்லை.

அடுத்தது ஃப்ரெட் சா. சில நூறு ரூபாய்க்கு வரும் ஒரு 'ப' வடிவச் சட்டம், ஐந்து அங்குல பிளேடு, மேஜை விளிம்பில் மாட்ட 'வி' வடிவத்தில் வாய் வெட்டிய ஒரு பலகை. அவ்வளவுதான் மொத்த முதலீடு. பிளேடின் பல் கைப்பிடியைப் பார்த்து இருக்க வேண்டும், அதாவது இழுக்கும்போது வெட்ட வேண்டும். தலைகீழாக மாட்டிவிட்டு "இது வெட்டவே மாட்டேங்குது" என்று தூக்கிப் போட்டவர்கள் நிறையப் பேர்.

இதை விளையாட்டுச் சாமான் என்று நினைக்க வேண்டாம். மைசூரில் ஈட்டி மரத்தில் வேறு நிற மரத்துண்டுகளைப் பதித்துப் படம் செய்பவர்கள் யானையின் தந்தம், முகம் போன்ற வடிவங்களுக்கான நுணுக்கமான துண்டுகளை மெல்லிய கைவாளால் வெட்டி எடுத்துத்தான் பதிக்கிறார்கள். நகை ஆசாரிகள் வெள்ளித் தகட்டை அறுப்பதும் இதன் தம்பியை வைத்துத்தான்.

பெயர்ப்பலகைக்கு ஃப்ரெட் சாவில் எனக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமை பிடித்தது. வெட்டிய நேரத்தைவிடப் பிளேடு கழற்றி மாட்டிய நேரம்தான் அதிகம். தோள்பட்டையும் நன்றாக வலித்தது. ஆனால் ஒன்று: சத்தம் இல்லை. மதியம் எல்லோரும் தூங்கும்போதுகூட வேலை செய்யலாம். கரண்ட் போனால் கவலை இல்லை. பிளேடு மரத்தில் எப்போது திணறுகிறது, எப்போது மழுங்குகிறது என்பதைக் கை தானாகக் கற்றுக்கொள்கிறது. பின்னால் மெஷினுக்குப் போனபோது எனக்கு உண்மையாக உதவியது அந்தப் பாடம்தான்.

இனி ஸ்க்ரோல் சா. இங்கே கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும், ஏனென்றால் பணம் வீணாவது இங்கேதான்.

மேலே ஒரு கை, கீழே ஒரு கை, நடுவில் விறைப்பாக இழுத்துக் கட்டிய பிளேடு. இரண்டு முனையும் பிடிபட்டிருப்பதால் ஜிக்சாவின் ஆட்டம் இதில் இல்லை. பிளேடு நின்ற இடத்திலேயே மேலும் கீழும் போய்வரும், நாம் மரத்தைத் திருப்புகிறோம். முதல் நாள் நான் மரத்தை முன்னால் தள்ளித் தள்ளி மூன்று பிளேடை உடைத்தேன். பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த அத்தை, முப்பது வருஷம் தையல் மெஷின் மிதித்தவர், "நகருடா" என்று உட்கார்ந்தார். இரண்டு நிமிஷம் கழித்து, "மூலையில ஊசியைத் துணிக்குள்ளேயே நிறுத்திட்டுத் துணியைத் திருப்புவோம்ல, அதேதானடா இது?" என்றார். அதேதான். அவர் வெட்டிய முதல் இலை என் பத்தாவது இலையைவிட நன்றாக இருந்தது.

ஆனால் ஒரு விஷயம் தையலில் கிடையாது. பெரும்பாலான பிளேடுகளில் ஒரு பக்கம் மெல்லிய பிசிறு இருக்கும். அதனால் வெட்டு நேராகப் போகாமல் ஒரு பக்கமாக இழுக்கும். மரத்தைச் சற்றுச் சாய்வாகப் பிடித்துக் கொடுத்தால்தான் கோட்டில் போகும். மெஷினில் கோளாறு என்று நினைத்துக் கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம்.

மெஷின்களுக்குள்ளேயே இரண்டு சாதி உண்டு. ஒன்றில் பிளேடின் முனையில் குறுக்கே ஒரு சின்ன ஆணி இருக்கும், அதைக் கொக்கியில் மாட்டினால் போதும். இன்னொன்றில் முனை வெறுமையாக இருக்கும், திருகில் இறுக்க வேண்டும். ஆணி வைத்தது சுலபம் என்று தோன்றும். நான் முதலில் வாங்கியது அதுதான். "எல்லா பிளேடும் போடலாம் சார்" என்றார் விற்றவர். வீட்டுக்கு வந்து கொடியின் முதல் ஓட்டைக்குப் போனபோதுதான் புரிந்தது: அந்தக் குறுக்கு ஆணி நுழைய நாலைந்து மில்லிமீட்டர் துளை வேண்டும். என் படத்தில் சில ஓட்டைகளே அவ்வளவுதான். வெறுமுனை பிளேடில் மெல்லியது ஒரு மில்லிமீட்டர் துளையில் நுழைந்துவிடும். பொம்மை, புதிர்த் துண்டு, பெரிய எழுத்து மட்டும் வெட்டுவேன் என்பவருக்கு ஆணி பிளேடு போதும். பூவேலைக்கு அது ஆகாது. இரண்டையும் ஏற்கிற மெஷின் கிடைத்தால் நல்லது. திருகைச் சாவி இல்லாமல் விரலாலேயே இறுக்க முடிகிறதா என்று பாருங்கள், 31 ஓட்டை என்றால் குறைந்தது 31 தடவை கழற்றி மாட்ட வேண்டும்.

வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற வசதியும் வேண்டும். பிளேடு நிமிஷத்துக்கு 400 முதல் 1,600 தடவை வரை மேலும் கீழும் ஓடுகிற மெஷின்கள் சாதாரணமாகக் கிடைக்கின்றன. கடினமான மரத்தில் முழு வேகத்தில் விட்டால் விளிம்பு கருகும். படத்தின் மேல் பேக்கிங் டேப் ஒட்டி வெட்டினால் கருகல் குறைகிறது. தேக்கு பார்க்க அழகு, ஆனால் அதிலுள்ள மணல்சத்து பிளேடை வேகமாக மழுக்கிவிடும். பழகுவதற்கு வேப்பம்பலகையோ மாம்பலகையோ போதும். அப்புறம், வெளிநாட்டிலிருந்து யாராவது சூட்கேஸில் கொண்டுவருகிறேன் என்றால் மின்னழுத்தத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். அமெரிக்க மெஷின் 120 வோல்ட், நம் பிளக்கில் வருவது 230.

பெயர்ப்பலகை இதில் இரண்டரை மணி நேரத்தில் முடிந்தது. விளிம்பில் உப்புத்தாள் போட வேலையே இல்லை. அதைவிடப் பெரிய லாபம் அடுக்கி வெட்டுவது. 3 மில்லிமீட்டர் பிளைவுட் நாலை இரண்டு பக்கமும் ஒட்டும் டேப்பால் ஒன்றாகச் சேர்த்து ஒரே தடவையில் வெட்டினால் நாலு கொடி. கொலுவுக்குக் கொடுக்க, கல்யாணத்துக்குக் கொடுக்க இதுதான் வழி.

குறை? அதிர்வு. லேசான மேஜையில் வைத்தால் மெஷினே நடைபோடும். தரையோடு நிற்கிற கனமான மேஜையில் போல்ட் போட்டு, அடியில் ரப்பர் விரிக்க வேண்டும். அடுக்குமாடியில் கீழ்வீட்டுக்காரர் ஒருநாள் மேலே வந்து, "சார், அரிசி அரைக்கிறீங்களா?" என்று கேட்டார். மரத்தூள் இன்னொன்று. எம்டிஎஃப் (மரநாரைப் பசையோடு அழுத்திச் செய்த பலகை) வெட்டுகிறீர்கள் என்றால் முகமூடி இல்லாமல் உட்காரவே கூடாது, அதன் தூள் மிக நுண்மையானது, பசையும் கலந்தது. மற்ற மின்வாள்களோடு ஒப்பிட்டால் இது சாது. ஆனால் மரத்தை அழுத்திப் பிடிக்காவிட்டால் பிளேடு அதைத் தூக்கித் தூக்கி மேஜையில் அடிக்கும், விரல் அடியில் இருந்தால் நன்றாகத் தெரியும்.

லேசருக்கு வருகிறேன். இதை நான் சொந்தமாக வாங்கவில்லை. பெயர்ப்பலகை செய்யும் ஒரு கடையில் படத்தின் கணினிக் கோப்பைக் கொடுத்து வெட்டி வாங்கினேன். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. 31 ஓட்டையும் 300 ஓட்டையும் அதற்கு ஏறத்தாழ ஒன்று. துளை போட வேண்டாம், பிளேடு மாட்ட வேண்டாம். வெட்டின் அகலம் தலைமுடியைவிடக் கொஞ்சம்தான் பெரிது. என் கேள்வியை அப்படியே வைத்தால் ஜெயிப்பது லேசர்தான், அதை மறைக்க விரும்பவில்லை.

ஆனால் விளிம்பு கறுப்பு. சில படங்களுக்கு அது அழகாகக்கூட இருக்கும், என் அக்காவுக்குப் பிடிக்கவில்லை. தேய்த்தால் கையெல்லாம் கரி. பிளைவுட் அடுக்குகளுக்குள் பசை திட்டுத்திட்டாக இருந்தால் அந்த இடத்தில் மட்டும் வெட்டு முழுதாக இறங்காது. என் கொடியில் இரண்டு இலை அப்படி ஒட்டிக்கொண்டு நின்றது. வீட்டில் வைக்க விலை குறைந்த டயோடு லேசர் கிடைக்கிறது. அந்த நீல ஒளி, மரத்தில் பட்டுத் தெறித்தால்கூடக் கண்ணைப் பாதிக்கும், அதற்குரிய கண்ணாடி கட்டாயம். புகையை வெளியே தள்ள வழி வேண்டும். பிவிசி ஷீட்டை மட்டும் எக்காரணத்துக்காகவும் அதில் வைக்கக் கூடாது, குளோரின் கலந்த நச்சுப் புகை வரும். அதுபோக, லேசர்காரருக்கு மர வேலையின் பெரும்பகுதி கணினியில்தான் நடக்கிறது. அது பிடிக்கும் என்றால் தாராளமாக.

லேசரால் முடியாத ஒரு வேலையையும் சொல்ல வேண்டும். ஸ்க்ரோல் சாவின் மேஜையைச் சாய்க்கலாம். சாய்த்து வைத்து ஒரு பலகையில் ஒன்றுக்குள் ஒன்றாக வளையங்கள் வெட்டி, அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒட்டினால் தட்டைப் பலகையிலிருந்து ஒரு கிண்ணமே எழுந்து வருகிறது. இரண்டு நிற மரத்தை அடுக்கி, மேஜையைச் சில பாகை சாய்த்து வெட்டினால், மேல் மரத்தின் பூ கீழ் மரத்தின் குழியில் இடைவெளி தெரியாமல் இறங்கி உட்காரும். சதுரக் கட்டையின் அடுத்தடுத்த இரண்டு பக்கத்தில் படம் ஒட்டி இரண்டு திசையில் வெட்டினால் சதுரங்கக் காய். நேர் கீழே மட்டும் சுடுகிற, மெல்லிய தகட்டில் மட்டும் ஓடுகிற லேசருக்கு இதெல்லாம் எட்டாது. ஃப்ரெட் சாவில் வாளைச் சாய்த்துச் செய்யலாம், ஆனால் அந்தக் கோணத்தை ஒரு சுற்று முழுக்க மாறாமல் பிடிக்க ஆசாரி கை வேண்டும். எனக்கு வரவில்லை.

ஆக, படத்தில் ஐந்தாறு ஓட்டை, மாதத்துக்கு ஒரு பொருள் என்றால் ஃப்ரெட் சாவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மூன்று மாதம் கழித்தும் கை அரிக்கிறது என்றால் வெறுமுனை பிளேடு ஏற்கிற ஸ்க்ரோல் சா. பிளேடுகள் உங்கள் ஊரிலோ தபாலிலோ கிடைக்கின்றனவா என்பதை மெஷினுக்கு முன்னால் விசாரியுங்கள், கடின மரத்தில் ஒரு பிளேடு பத்து இருபது நிமிஷத்துக்கு மேல் உழைப்பதில்லை. ஒரே படத்தை நூறு பேருக்கு விற்கப் போகிறீர்கள் என்றால் லேசர் கடைக்குப் போங்கள். ஜிக்சா ஏற்கெனவே வீட்டில் இருந்தால் பெரிய பலகையைத் துண்டாக்க வைத்துக்கொள்ளுங்கள்.

அக்கா வீட்டு வாசலில் தொங்குவது ஸ்க்ரோல் சாவில் வெட்டியது. ஃப்ரெட் சாவில் வெட்டியதை நான் வைத்துக்கொண்டேன், அதில் கடைசி ம்-முக்குப் புள்ளி இல்லை. அலமாரிக்கு அடியில் எங்கேயோ உருண்டு போயிருக்க வேண்டும். "வள்ளி இல்லம" என்று படித்துவிட்டு அத்தை ஒவ்வொரு தடவையும் சிரிக்கிறார்.